வீடு வர்ற மாதிரி ஒரு படம்

தலைமையாசிரியர் ஒரோஸ்பெக் ஒரு வெள்ளைத் தாளை மேசைக்குக் குறுக்கே தள்ளி, அதன்மேல் தன் பேனாவையும் மூடி கழற்றி வைத்தார்.

"எழுதிடுங்க ஷைர்குல். நாலு வரி போதும். தெரியாம நடந்துபோச்சு, இனிமே நடக்காது. அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுட்டா எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாக்கப் போகலாம்."

ஷைர்குல் பேனாவைத் தொடவில்லை. தொட்டால் அதைச் சுவரில் எறிந்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. இந்தக் காரகோல் நகரப் பள்ளியில் ஏழு வருடமாகக் கணினிப் பாடம் நடத்துகிறாள். அவளிடம் விளக்கக் கடிதம் கேட்பது இதுதான் முதல் முறை. இரண்டு வருடத்துக்கு முன் பனி உருகிக் கூரை ஒழுகி நான்கு கணினிகள் பாழானபோது யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. போன வருடம் ஒன்பதாம் வகுப்பு முடித்த கையோடு மூன்று பெண்கள் படிப்பை நிறுத்தினார்கள். ஒருத்திக்குக் கல்யாணம். ஒருத்தி தலைநகரில் எங்கோ பாத்திரம் கழுவப் போனாள். இன்னொருத்தி என்ன ஆனாள் என்பதே தெரியாது. அந்த மூன்று பேருக்காக இந்த அறையில் ஒரு தாள்கூடச் செலவாகவில்லை. இப்போது ஒரு பொம்மைப் படத்துக்காக, அவளையும் சேர்த்து ஐந்து பெரியவர்கள், பிப்ரவரிக் குளிரில், வேலை நாளில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எதிரே மிர்ஸாபெக் இருந்தார். காரகோலுக்கும் பாலிக்சிக்கும் நடுவில் மினிபஸ் ஓட்டுகிறவர். ஆட்டுத்தோல் தொப்பியை முழங்கால்மேல் வைத்து அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி குல்சுன் கதவோர நாற்காலியின் நுனியில், கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல், கிளம்பத் தயாரானவளைப் போல உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கம் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த கிளாரா அக்கா. மடியில் தடித்த கோப்பு. இத்தனை பேருக்கும் காரணமான ஜிபார், மிர்ஸாபெக்கின் தங்கை மகள், சுவரில் சாய்ந்து நின்றாள். பதினாலு வயது. அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அறையில் நாற்காலி இல்லாமல் இல்லை.

மேசை நடுவே குற்றத்துக்குச் சாட்சி கிடந்தது. கணக்கு நோட்டிலிருந்து கிழித்த பாதித் தாள். அதில் ஷைர்குலின் எழுத்தில் ஒரே வரி, ஒரு படத்தின் பெயர்: 'உப்புத்துறைத் தெரு'.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, வகுப்பு முடிந்து எல்லோரும் ஓடிய பிறகு, ஜிபார் மட்டும் கணினியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். செப்டம்பரில்தான் இந்தப் பள்ளியில் சேர்ந்தவள். அதுவரை அம்மாவோடு மேல் பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்தில் இருந்தாள். அங்கே இணையம் வேண்டுமென்றால் மேட்டில் ஏறிக் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அம்மா உல்கான் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனதும் பெண்ணை அண்ணன் வீட்டில் விட்டாள். வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்குப் பை முழுக்க அனிமே என்கிற ஜப்பானியப் பொம்மைப் படங்களின் பேட்ஜுகள். அந்தக் கதாபாத்திரங்களின் பெயரால்தான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஜிபாருக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குத் தவறிப் போனவளைப் போல ஓரமாக நின்றாள்.

"அக்கா, இந்த அனிமேன்னு சொல்றாங்களே, அதுல எதை மொதல்ல பாக்கணும்?"

ஷைர்குலுக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பதினோரு வயதிலிருந்து பார்க்கிறவள் அவள். அந்தக் காலத்தில் சந்தையில் திருட்டுக் குறுந்தகடு விற்பார்கள். கதாநாயகன், கதாநாயகி, குழந்தை, பேய், எல்லாருக்கும் ஒரே ரஷ்ய ஆள், சளி பிடித்த குரலில் பேசியிருப்பான். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ரசனையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று இத்தனை வருடம் அவளுக்குத் தெரியவில்லை. ஆசிரியர் அறையில் பேச்செல்லாம் நிலக்கரி விலையும் மாமியார் நோவும்தான். அன்று வீட்டுக்குப் போய்ப் பதினோரு படங்களை வரிசை எண் போட்டு எழுதினாள். எதற்குப் பின் எதைப் பார்த்தால்தான் அருமை புரியும் என்று ஓரத்தில் குறிப்பு வேறு. முதல் இடத்தில், விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஒரு படம். போர், இயந்திர மனிதர்கள், முடிவே இல்லாத தத்துவம்.

வியாழக்கிழமை ஜிபார் வந்தாள்.

"மொத நம்பரப் பாத்தேன் அக்கா."

"எப்படி இருந்துச்சு?"

"ரோபோ வந்துச்சு. அப்புறம் இன்னொரு ரோபோ வந்துச்சு. தூங்கிட்டேன்."

அதை வகுப்பிலும் வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறாள். பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். "அதுவே புரியலேன்னா நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு. மாடு பேசற அனிமே வந்தா சொல்லி அனுப்பறோம்." அதைச் சொல்லும்போது ஜிபார் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. ஷைர்குலுக்குத்தான் காது சுட்டது. படம் பார்ப்பதற்கும் காவல்காரன் வேண்டுமா? நுழைவுத் தேர்வு வைப்பதற்கு இவன்கள் யார்? அந்தக் கோபம் கொஞ்சம் தணிந்ததும் அடுத்தது வந்தது. வரிசை எண் போட்டுக் கொடுத்தவள் மட்டும் யார்? அதுவும் ஒரு நுழைவுத் தேர்வுதானே? சின்னப் பெண் ஒருத்தி வாய்விட்டு ஒன்று கேட்டால், அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்காமல், தன் அலமாரியைத் திறந்து காட்டியிருக்கிறாள்.

"சரி, அதக் கிழிச்சுப் போடு. உனக்கு எந்த மாதிரி வேணும்? அதச் சொல்லு."

ஜிபார் யோசித்தாள். நகத்தால் மேசை விளிம்பைச் சுரண்டினாள்.

"யாரும் உலகத்தக் காப்பாத்த வேணாம் அக்கா. சண்டையும் வேணாம். வீடு வர்ற மாதிரி ஏதாவது இருக்கா? வீட்டுக்குள்ளயே நடக்கற மாதிரி?"

ஏன் என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீடு வருகிற படம் எது என்று மனசுக்குள் துழாவுவதிலேயே ஷைர்குல் மும்முரமாக இருந்தாள். கிடைத்ததும் கணக்கு நோட்டில் பாதித் தாளைக் கிழித்து ஒரே வரி எழுதிக் கொடுத்தாள்.

யாரும் கொண்டாடாத பழைய படம் அது. ஒரு சிறிய துறைமுக ஊர். அம்மா மீன்பிடிக் கப்பலில் சமையல் வேலைக்குப் போயிருக்க, பெண் சித்தி வீட்டில் இருக்கிறாள். பெரிதாக ஒன்றும் நடக்காது. துணி உலர்த்துவாள், அரிசி கழுவுவாள், மேட்டுத் தெருவில் ஏறுவாள், இறங்குவாள். ஜிபார் அதை ஒரே வாரத்தில் நாலு தடவை பார்த்தாள்.

"அவ ஒண்ணுமே பண்ணல அக்கா. ஆனா கண்ணெடுக்க முடியல. கடைசியில அவள வேற ஊருக்கு அனுப்பறேம்பாங்க இல்ல? அப்ப 'நான் போகமாட்டேன்'னு சொல்றா பாருங்க. கத்தல, அழல. டீ வேணாம்னு சொல்ற மாதிரி சொல்றா."

படத்தில் வரும் அந்த வாக்கியத்தைத்தான் போன சனிக்கிழமை ஜிபார் வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் அவளைத் தலைநகரில் ஒரு தையல் கூடத்துக்கு அனுப்புவதாக மிர்ஸாபெக் உறவுக்காரர் ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். விருந்தாளிகள் முன்னால், தேநீருக்கும் பொரித்த ரொட்டிக்கும் நடுவில், பெருமையாக அதை அறிவித்தார். ஜிபார் தட்டைக் கீழே வைத்துவிட்டு, டீ வேண்டாம் என்கிற மாதிரி, "நான் போகமாட்டேன் மாமா" என்றாள். விருந்தாளிகள் முன்னால்.

யார் கற்றுக்கொடுத்தது என்று பையைக் கொட்டினார்கள். பாதித் தாள் விழுந்தது. பெற்றோர்களின் கைப்பேசிக் குழுவில் அந்த மாதம் முழுக்க ஒரு எச்சரிக்கை சுற்றிக்கொண்டிருந்தது: அனிமே பார்க்கும் பிள்ளைகள் மாடியிலிருந்து குதிக்கிறார்கள், பெற்றவர்களை எதிர்க்கிறார்கள், கண்டால் உடனே தெரிவிக்கவும். மிர்ஸாபெக் தெரிவித்துவிட்டார்.

"என் வீட்ல பொம்பளப் புள்ள எதிர்த்துப் பேசினதே கெடையாது," என்றார் இப்போது. "இவங்க அந்தச் சீனாக்காரன் படத்தக் காட்டுனதுக்கு அப்புறம்தான்."

"ஜப்பான்," என்றாள் ஷைர்குல்.

"எல்லாம் ஒண்ணுதான்."

கிளாரா அக்கா கோப்பிலிருந்து ஒரு அறிக்கையை எடுத்து வாசித்தார். அந்நியப் பண்பாடு, இளம் மனங்கள், வன்முறை நாட்டம். நல்ல கணீர்க் குரல். விழாக்களில் வரவேற்புரை வாசித்துப் பழகிய குரல். அதில் ஜிபாரின் பெயரை ஒரு கோடிட்ட இடத்தில் நிரப்பியிருந்தார்கள். வேறு எந்தப் பெயரை எழுதினாலும் அப்படியே பொருந்தும்.

"நீங்க அந்தப் படத்தப் பாத்தீங்களா அக்கா?" என்று ஷைர்குல் கேட்டாள்.

"பாக்கணும்னு என்ன அவசியம்? விஷமான்னு தெரிஞ்சுக்கக் குடிச்சா பாக்கணும்?"

"குடிச்சவ இங்கதான் நிக்கறா. நாலு தடவ குடிச்சிருக்கா. நல்லாத்தான் இருக்கா."

"ஷைர்குல்," என்றார் ஒரோஸ்பெக், கெஞ்சும் குரலில். கெட்ட மனிதர் இல்லை அவர். ஓய்வு பெற ஒன்றரை வருடம்தான் பாக்கி. அதுவரை கண்ணாடிச் சாமான் மேல் நடப்பது போல நடந்தார். "ஒரு கடிதம்தானே? நான் எத்தன எழுதியிருக்கேன் தெரியுமா என் சர்வீஸ்ல? எழுதுனா கை தேஞ்சா போயிரும்?"

"என்னன்னு எழுதறது சார்? தையலுக்குப் போகமாட்டேன், படிக்கறேன்னு ஒரு புள்ள சொல்லியிருக்கு. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா? அப்படின்னா இந்த ஸ்கூல் எதுக்கு? போர்டக் கழட்டிட்டுத் தையல் மெஷினக் கொண்டுவந்து போட்டுருவோம்."

அவள் குரல் நடுங்கியது. நடுங்குவது பயத்தால் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்களே என்பதில் இன்னும் கோபம் வந்தது. எழுந்து தன் மடிக்கணினியை எடுத்தாள். தலைமையாசிரியர் நாற்காலிக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை இருந்தது. நவீன வகுப்பறை என்று போன வருடம் ரிப்பன் வெட்டித் திறந்தது. வகுப்பறைக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டது. விளிம்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. கம்பியைச் செருகினாள்.

"என்ன பண்றீங்க?"

"இருபது நிமிஷம் பாருங்க. அதுல எது விஷம்னு கை நீட்டிக் காட்டுங்க. காட்டிட்டா நாலு வரி இல்ல, நாலு பக்கம் எழுதித் தர்றேன்."

கிளாரா அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னால் பயந்ததாகிவிடும்.

திரையில் கடல் வந்தது. சாம்பல் நிறக் கடல், மேட்டுத் தெரு, ஈரத் துணிகள். ரஷ்யக் குரலில் யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் போனது. ஒரோஸ்பெக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். திரையில் ஒரு பேருந்து மேடேறத் திணறியபோது மிர்ஸாபெக் தன்னை மறந்து, "ரெண்டாவது கியர் போடணும், இவன் என்ன பண்றான்" என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு தொப்பியைத் தடவினார். ஜிபார் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அவளுக்கு மனப்பாடம். பார்க்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினைந்தாவது நிமிடத்தில் அந்தக் காட்சி வந்தது. விடுமுறை நாள், மத்தியானச் சாப்பாடு. சித்தி வீட்டில் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பெண் பரிமாறுகிறாள். சிரிக்கிறார்கள், பேசுகிறார்கள், அவளை யாரும் திட்டவில்லை. சாப்பிட்டு முடித்து எழுந்து போகிறார்கள். அவள் தட்டுகளை அடுக்கி அடுப்படிக்குக் கொண்டுபோய், தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே பானையில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டித் தின்கிறாள். தரை சில்லிடுகிறது போல; ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின்மேல் வைத்து, பிறகு மாற்றிக்கொள்கிறாள். இசை இல்லை. கரண்டி பானையில் உரசும் சத்தம் மட்டும். அந்தச் சத்தம் முடிகிற வழியாக இல்லை.

"எங்க வீட்டு விஷயத்த இவங்களுக்கு யாரு சொன்னது?"

கதவோரத்திலிருந்து அந்தக் கேள்வி வந்தது. குல்சுன் எழுந்து நின்றிருந்தாள். அறைக்குள் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

ஷைர்குல் படத்தை நிறுத்தவும் மறந்தாள்.

"யாருடி சொன்னது? நீயா? ஜப்பான் வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கியா?"

"நான் யார்கிட்டயும் சொல்லல அத்தை," என்றாள் ஜிபார். "அங்கயும் அப்படித்தான் போல."

"குல்சுன், உக்காரு," என்றார் மிர்ஸாபெக். அவர் முகம் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது.

"உக்காரணுமா? நான் எப்ப உக்காந்தேன்?" அவள் கணவனிடம் பேசவில்லை. அந்தத் திரையிடம் பேசினாள். "பதிமூணு வருஷமா உங்க வீட்ல கதவோரம் நின்னு டீ ஊத்தறேன். உங்கம்மாவுக்கு, அண்ணன் தம்பிக்கு, வந்தவங்க போனவங்களுக்கு. இவ வந்து அஞ்சு மாசம் ஆச்சு. அதுக்கு முன்னாடி அந்த அடுப்படியில நின்னு சட்டியச் சுரண்டுனது யாரு? எம் மாமியாரா? எனக்கும் கால் சில்லுன்னுதான் இருந்துச்சு. என்னப் பத்தி எவனாவது படம் எடுத்தானா? எனக்கு யாராவது ஒரு துண்டுத் தாள்ல எழுதிக் கொடுத்து, 'இந்தா குல்சுன், இதப் பாரு'ன்னு சொன்னாங்களா?"

கடைசிக் கேள்வியை ஷைர்குலைப் பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள். அவள் தோளிலிருந்து நழுவிய கம்பளிச் சால்வை வாசற்படியில் கிடந்தது. ஜிபார் ஓடிப் போய் அதை எடுத்தாள். ஒரு கணம் அறையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அத்தையின் பின்னால் நடைவழியில் ஓடினாள்.

ஷைர்குல் நின்ற இடத்திலேயே நின்றாள். காலையிலிருந்து கூர் தீட்டி வைத்திருந்த கோபம் முழுவதையும் இந்தப் பெண்ணின் மேலும் சேர்த்துத்தான் குறி வைத்திருந்தாள். கொடுமைக்காரி, புள்ளையை வேலைக்காரியாக்கினவள் என்று. இப்போது அது போய் உட்கார இடமில்லாமல் அவளையே சுற்றி வந்தது. மிர்ஸாபெக் தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

கிளாரா அக்கா தொண்டையைச் செருமினார். "நிறுத்துங்க அத. இதெல்லாம் அவங்க குடும்ப விஷயம். நாம பேச வந்தது படத்தப் பத்தி."

"படத்தப் பத்தித்தானே அந்தம்மா பேசிட்டுப் போறாங்க!" என்று ஷைர்குல் கத்தினாள். "இந்த ரூம்ல படத்தப் பத்திப் பேசினது அவங்க ஒருத்தங்கதான்!"

கத்தியிருக்கக் கூடாது என்று பிறகு ஒரோஸ்பெக் சொன்னார். கத்தாமல் இருந்திருந்தால் வாய்மொழிக் கண்டிப்போடு போயிருக்குமாம். நான்கு நாள் கழித்து எழுத்துமூலமாகவே கண்டிப்பு ஆணை வந்தது. அதில் குற்றம் இரண்டாகப் பெருகியிருந்தது. ஒன்று, மாணவிக்கு அங்கீகரிக்கப்படாத படத்தைப் பரிந்துரைத்தது. இரண்டு, பள்ளியின் நவீனக் கருவியை அதே படத்தைத் திரையிடப் பயன்படுத்தியது. யாருக்குத் திரையிட்டது என்று எழுதியிருக்கவில்லை. அந்த ஆணையில் ஜிபார் என்ற பெயர் ஒரு தடவைதான் வந்தது. தையல் கூடம் வரவே இல்லை. குல்சுன் என்று ஒருத்தி அந்த அறையில் இருந்ததாகவே தெரியவில்லை. ஷைர்குல் அதை ஆசிரியர் அறையில் நின்று இரண்டு தடவை வாசித்தாள். "விடுங்க, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று புவியியல் ஆசிரியை தட்டில் ரொட்டியை நீட்டினாள். எல்லாருக்கும் வருகிறது என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஜிபார் பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "ரெண்டு நாளா அத்தை யாரோடயும் பேசல" என்றாள். "மூணாம் நாள் எனக்கும் ஒரு தட்டு வச்சாங்க. எல்லாரோடயும் உக்காரச் சொன்னாங்க."

"அத்தை?"

"அவங்க நின்னுக்கிட்டுதான் இருந்தாங்க."

மாஸ்கோ எண்ணிலிருந்து அழைப்பு வந்தது ஒரு புதன்கிழமை. குல்சுன் நாத்தனாரைக் கூப்பிட்டு அழுது தீர்த்திருக்கிறாள். அந்த அழுகையில் யார் மேல் குற்றம், யார் மேல் இல்லை என்று உல்கானால் பிரிக்க முடியவில்லை. ஷைர்குலின் எண்ணை மகளிடம் வாங்கியிருந்தாள். வணக்கம்கூடச் சொல்லாமல் எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"எம் புள்ளைக்கு என்ன காட்டுனீங்க நீங்க?"

இவளுமா என்று ஷைர்குலுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அவ கேட்டதக் காட்டுனேன். வீடு வர்ற மாதிரி வேணும்னா. நீங்க இங்க இருந்திருந்தா என்கிட்ட வந்து கேட்டிருக்க மாட்டா."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல். தரை துடைக்கிற வண்டியாக இருக்கும். உல்கான் ஒரு பெரிய கடை வளாகத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். இரைச்சல் நின்றது.

"அவ நின்னுக்கிட்டா சாப்பிடறா?"

ஷைர்குல் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஃபோன்ல கேட்டா சாப்பிட்டேன்னுதான் சொல்லுவா. என்ன சாப்பிட்டன்னு கேப்பேன். சொல்லுவா. உக்காந்தா சாப்பிட்டன்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. எந்தத் தாய்க்குத் தோணும்?" வண்டியை அவள் ஓரமாகத் தள்ளுகிற சத்தம் கேட்டது. "அண்ணன் இப்ப தையல் பேச்ச எடுக்கறதில்ல. ஜூன் வந்தா எடுப்பான். அவன எனக்குத் தெரியும். ஜூனுக்குள்ள நான் ஏதாவது பண்ணணும். என்ன பண்றதுன்னுதான் தெரியல."

"என்னால என்ன முடியுமோ அதச் செய்யறேங்க."

"செய்யுங்க." அது நன்றி போல ஒலிக்கவில்லை, கட்டளை போல இருந்தது. ஷைர்குலுக்கு அது பிடித்திருந்தது. "அந்தப் படம் எங்க கெடைக்கும்? எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் தெரியாது. நான் பாக்கலாமா? எனக்குப் புரியுமா?"

"ரோபோ எதுவும் வராதுங்க," என்றாள் ஷைர்குல். "புரியும்."

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஜிபார் கணினி அறைக்கு வந்தாள். மாஸ்கோவில் அப்போது மத்தியானம் பன்னிரண்டு. உல்கானுக்கு நாற்பது நிமிடம் சாப்பாட்டு நேரம். படத்துக்கான இணைப்பை ஷைர்குல் முன்னாலேயே அவளுக்கு அனுப்பியிருந்தாள். கண்டிப்பு ஆணை வந்து முழுசாகப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஷைர்குல் கதவைச் சாத்தவில்லை. சாத்துவதற்கு இதில் என்ன இருக்கிறது? யாராவது வந்து எட்டிப் பார்க்கட்டும், எட்டிப் பார்த்து எழுதட்டும் என்று கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து, அடியில் ஒரு நாற்காலியையும் முட்டுக் கொடுத்தாள். பின் வரிசையில் போய் உட்கார்ந்து ஏழாம் வகுப்பு விடைத்தாள்களைப் பிரித்தாள்.

ஜிபார் கைப்பேசியைத் திரையில் சாய்த்து வைத்தாள். அதில் உல்கானின் முகம் பாதிதான் தெரிந்தது. நீலச் சீருடைக் காலர், பின்னால் துடைப்பங்கள் தொங்கும் சுவர்.

"அம்மா, உங்ககிட்ட அந்த முக்கோணம் தெரியுதா? நான் மூணு எண்ணுனதும் அத அமுக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

கடல் வந்தது. ஜிபாரிடம் முதலில் வந்தது. மாஸ்கோவில் ஏழெட்டு நொடி தள்ளி வந்தது. இங்கே ஒரு அலை அடித்து ஓய்ந்த பிறகு, அதே அலை கைப்பேசிக்குள் சின்னதாக இன்னொரு தடவை அடித்தது. உல்கான் எதையோ மென்றுகொண்டே பார்த்தாள். "ஏ, அந்தத் தெரு நம்ம மேட்டுத் தெரு மாதிரியே இருக்குடி" என்றாள். "அந்த பஸ்ஸப் பாரேன், உங்க மாமன் பஸ்." ஜிபார் சத்தமாகச் சிரித்தாள். அவள் சிரித்து ஷைர்குல் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளாகத் தணியாத கோபம் அந்தச் சிரிப்பிலும் தணியவில்லை. இந்த இருவருக்கும் நடுவே நாலாயிரம் கிலோமீட்டர் போட்டது யார், அதற்கு யாரிடம் விளக்கக் கடிதம் கேட்பது என்று சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி யோசித்தாள்.

பதினைந்தாவது நிமிடம் நெருங்கியது. திரையில் ஐந்து பேர் சாப்பிட்டு எழுந்தார்கள். ஜிபார் விசையை அழுத்தித் தன் படத்தை நிறுத்தினாள். கைப்பேசிக்குள் அம்மா பார்க்கும் படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அவர்கள் இன்னும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் உல்கான்.

"நீங்க வாங்க அம்மா. நான் இங்க இருக்கேன்."

உல்கான் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். மாஸ்கோவில் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டது. ஜிபார் விசையின் மேல் விரலை வைத்தபடி, திரையைப் பார்க்காமல், அம்மாவின் பாதி முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.